கைகொடுக்கச் சொல்வதால் வழக்கு முடிவதில்லை: தொடக்கப்பள்ளியில் நன்னடத்தையை வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள செபராங் பிறை வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் புதிதாகப் பணியேற்கும் ஆசிரியர்கள் பலர், பிள்ளைகளின் பெயர்கள் மனத்தில் பதிவதற்கு முன்பே கட்டொழுங்குக் குழுவில் சேர்க்கப்பட்டுவிடுகிறார்கள். எங்கள் தலைமுறை செய்து பார்த்துக் கைவிட்ட காரியங்களையே அவர்கள் புது உற்சாகத்தோடு தொடங்குவதைக் காணும்போது, சிலவற்றை எழுதிவைப்பது நல்லது என்று தோன்றுகிறது. பிள்ளைகளிடம் கத்தக் கூடாது, ஒருவரை மற்றவரோடு ஒப்பிடக் கூடாது என்பனவெல்லாம் ஆசிரியர் கல்விக் கழகத்திலேயே சொல்லித் தரப்பட்டவை. அவற்றை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை.

நீண்ட அறிவுரை

தேசியக் கோட்பாட்டின் (ருக்குன் நெகாரா) ஐந்தாம் கூறான நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் பிள்ளைகள் சபைகூடலில் ஏற்கெனவே ஒப்பிக்கிறார்கள். அதற்கு மேல் அரைமணி நேரம் வெயிலில் நிறுத்திப் பேச வேண்டாம்.

உதவிக்கு நட்சத்திரம்

வகுப்புச் சுவரில் பெயர்ப்பட்டியலை ஒட்டி, உதவி செய்தவருக்கு ஒரு நட்சத்திரம், பத்து சேர்ந்தால் பரிசு என்று அறிவிப்பது முதல் வாரத்தில் அழகாகவே நடக்கும். பிறகு, கீழே விழுந்த பென்சில் பெட்டியை எடுத்துக் கொடுத்த மாணவன் நேரே மேசைக்கு வந்து, "டீச்சர், எனக்கு ஒண்ணு ஒட்டுங்க" என்பான். ஆசிரியர் பார்க்காத நேரத்தில் விழும் பெட்டியை எவரும் எடுக்கமாட்டார்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வரைவதில் இயல்பான நாட்டமுடைய பாலர்பள்ளிக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சான்றிதழ் தருவதாகச் சொன்னபோது, பின்னாளில் அவர்கள் தாமாக வரையும் நேரம் குறைந்தது; எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளிடம் அந்தச் சரிவு காணப்படவில்லை. எனவே பரிசை முன்னறிவிக்காமல், நடந்த செயலைக் குறிப்பிட்டு அந்தப் பிள்ளையிடம் தனியே இரண்டு சொல் பாராட்டினால் போதும்.

"இருவரும் கைகொடுங்கள்"

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். ஒருவன் மற்றொருவனைத் துன்புறுத்தினான் என்ற புகார் வந்தவுடன், இருவரையும் அலுவலக வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மன்னிப்புக் கேட்கச் சொல்லி, கைகுலுக்க வைத்து, ஐந்து நிமிடத்தில் வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரு பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் சாப்பாட்டுக் காசை, உடன் படிக்கும் உருவத்தில் பெரிய மாணவன் நெடுநாளாக வாங்கிக்கொண்டிருந்தான். தகவல் தெரிந்ததும் இளம் ஆசிரியர் ஒருவர் மேற்சொன்ன சடங்கை நடத்தியதோடு, இருவரும் கைகொடுத்த படத்தை வகுப்பின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் பகிர்ந்தார். பெற்றோர் பலர் வாழ்த்துக் கூறினர். ஆனால் காசு பறிப்பது நிற்கவில்லை; இடம் மட்டும் சிற்றுண்டிச்சாலை வரிசையிலிருந்து கழிப்பறைக்கு மாறியது. சொல்லிப் பயனில்லை என்று அறிந்துகொண்ட சிறுவன், இருபது நிமிட ஓய்வு நேரத்தை நூல்நிலையத்தில் கழிக்கத் தொடங்கினான். வாசிப்பில் ஆர்வம் வந்துவிட்டது என்று அவனைப் பாராட்டியவர்களும் உண்டு. மகன் நாளும் பசியோடு வீடு திரும்புவதைக் கவனித்த தாயார் உண்மையை வரவழைத்து, பள்ளி மாற்றம் கேட்டு வந்து நின்றபோது, முதல் புகாரைப் பற்றிய ஒரு வரிப் பதிவுகூட எங்கும் இல்லை.

சண்டை வேறு, வலியவன் மெலியவனைத் தொடர்ந்து துன்புறுத்தும் பகடிவதை வேறு. ஏறத்தாழச் சம வலிமையுடைய இருவர் பந்துக்காக அடித்துக்கொண்டால், சமாதானம் செய்துவைப்பதில் பொருள் உண்டு. நார்வே நாட்டு உளவியலாளர் டேன் ஓல்வியஸ் பகடிவதைக்குக் கூறிய இலக்கணத்தில் துன்புறுத்தும் நோக்கம், திரும்பத் திரும்ப நிகழ்தல், வலிமையில் ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றும் அடங்கும். அத்தகைய இருவரை எதிரெதிரே நிறுத்திப் பேசவைத்தால், வலியவன் எளிதாக மன்னிப்புக் கேட்டுவிடுவான். மெலியவனோ அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லியாக வேண்டும்.

நம் பள்ளிகளில் இதன் விலை இன்னும் கூடுதல். 150 மாணவர்களுக்கும் குறைவான பள்ளிகளில் ஓர் ஆண்டுக்கு ஒரே வகுப்புதான் இருக்கும். துன்புறுத்தியவனும் துன்பப்பட்டவனும் ஆறாம் ஆண்டு முடியும்வரை அதே அறையில் அமர்ந்தாக வேண்டும்.

முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளையை, மற்றவர் கண்ணில் படாத நேரத்தில், தனியே அழைத்துக் கேட்க வேண்டும். நாள், இடம், பார்த்தவர்கள் ஆகியவற்றை அவன் சொன்னபடியே எழுதிக்கொண்டு, நாளை முதல் எது மாறினால் அவனுக்கு நிம்மதி என்பதையும் கேட்க வேண்டும். அதன்பின் மற்றவனிடம் தனியே பேசி, பறித்த காசைத் திருப்பித் தரும் வழியை முடிவு செய்து, இரு வீட்டாருக்கும் வெவ்வேறு வேளையில் தெரிவிக்க வேண்டும். பறித்தவன் வீட்டிலிருந்து பசியோடு வருபவனாகவும் இருக்கலாம்; அதையும் விசாரிக்காமல் விடக் கூடாது. ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் பாதிக்கப்பட்டவனை மறுபடி கேட்டுப் பதிவு செய்வதைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள். மன்னிப்பு, அவன் விரும்பினால் மட்டும், அவன் விரும்பும் நேரத்தில் நடக்கட்டும். படம் எடுக்க வேண்டாம்.

பிரம்பு

1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகளின்படி பிரம்படி கொடுக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கும் அவரது அனுமதி பெற்றவருக்கும் மட்டுமே உண்டு. மாணவிகளுக்குப் பிரம்படி அறவே கூடாது.

பட்டப்பெயர்

நிறத்தையும் உடலையும் வைத்து ஆசிரியர் விளையாட்டாகச் சொல்லும் பெயரைத்தான் வகுப்பு ஆண்டு முழுவதும் சொல்லும்.

மாணவர் தலைவர்களை ஒற்றர்களாக்குவது

பெயர் எழுதும் குறிப்பேட்டைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால், நண்பர்களின் பெயர் அதில் வராது. புதிதாகச் சேர்ந்தவர்களைச் சிற்றுண்டிச்சாலைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை மாணவர் தலைவர்களுக்குக் கொடுங்கள்.

வகுப்பறையை மட்டும் கண்காணிப்பது

கழிப்பறை, சிற்றுண்டிச்சாலை வரிசை, பள்ளி வேனின் கடைசி இருக்கை ஆகிய இடங்களில் ஆசிரியர் இருப்பதில்லை; பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். ஓய்வு நேரக் கடமைப் பட்டியலில் கழிப்பறைப் பக்கத்தையும் சேர்த்து, வேன் ஓட்டுநர்களின் தொலைபேசி எண்களைக் கட்டொழுங்கு ஆசிரியர் கையில் வைத்திருக்க வேண்டும்.