கல்லூரியிலிருந்து என்பிஏவுக்கு: யார் தேறுவார் என்று நோட்டுப் போட்டுப் பார்ப்பது எப்படி?

ஜூன் கடைசியில் ஒரு நாள் எங்கள் வீட்டில் விடிகாலையிலேயே காபி மணக்கும். நியூயார்க்கில் இரவு எட்டு மணி என்றால் கோயம்புத்தூரில் காலை ஐந்தரை. அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீகான என்பிஏவின் அணிகள், புதிய ஆட்டக்காரர்களை முறை வைத்துப் பெயர் சொல்லி எடுக்கும் ட்ராஃப்ட் அப்போதுதான் தொடங்கும். 30 அணிகள், இரண்டு சுற்று, ஏறக்குறைய 60 பெயர்கள். மடியில் ஒரு நூறு பக்க நோட்டோடு நான் உட்கார்ந்திருப்பேன். கல்லூரி ஆட்டக்காரர்களில் யார் அங்கே போய் நிலைப்பார் என்று 2011இலிருந்து எழுதி வருகிறேன். அந்த நோட்டை நீங்களும் போடலாம். எப்படி என்று சொல்கிறேன்.

முதல் பக்கமே நான் தோற்ற கதை. 2011 ஜனவரியில் பிரிகம் யங் பல்கலைக்கழகமும் சான் டியாகோ ஸ்டேட்டும் மோதின. அதுவரை தோற்காத சான் டியாகோவுக்கு எதிராக ஜிம்மர் ஃப்ரெடெட் 43 பாயிண்ட் போட்டார். அந்த வருடம் அவருடைய சராசரி 28.9, அமெரிக்கக் கல்லூரிகளிலேயே அதிகம். யூடியூப் துண்டுகளைப் பார்த்துப் பார்த்து, இவர்தான் அடுத்த பெரிய ஆள் என்று நண்பனிடம் பந்தயம் கட்டினேன். அவன் அதே ஆட்டத்தில் தோற்ற பக்கத்தில் இருந்த கவாய் லெனர்டைக் காட்டினான். ஆட்டத்துக்கு 15 பாயிண்ட் சொச்சம், முகத்தில் ஒரு சலனமும் கிடையாது. நான் சிரித்தேன். ட்ராஃப்டில் ஜிம்மர் 10ஆவது, கவாய் 15ஆவது. 2014 பிப்ரவரியில் ஜிம்மர் ஆடிய சாக்ரமென்டோ கிங்ஸ் அணி அவரைக் கணக்கு முடித்து அனுப்பியது. அதே வருடம் ஜூனில் கவாய் ஆடிய சான் அன்டோனியோ அணி என்பிஏ கோப்பை வாங்க, இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் கவாய். பரோட்டா செலவு என்னுடையது.

அதனால் நோட்டில் பாயிண்ட் என்று ஒரு கட்டமே போடாதீர்கள். கல்லூரியில் ஓர் அணி முழுக்க ஒருவனுக்காகவே ஆடும். மேலே போனால் அணிக்கு இரண்டு மூன்று பேர் கையில்தான் பந்து இருக்கும்; மற்றவர்களுக்கு வேறு வேலை. அந்த வேறு வேலை இவனுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. ஜிம்மரின் கை பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என்பிஏவிலும் அவருடைய த்ரீ பாயிண்டர்கள் (தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது, விழுந்தால் மூன்று பாயிண்ட்) விழத்தான் செய்தன. பந்து கையில் இல்லாதபோது அவரால் அணிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. எதிரணியோ அவர் நிற்கும் பக்கமாகவே வந்து அடித்தது.

சரி, இதை எப்படிக் கண்டுபிடிப்பது? நல்ல காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோவை விடுங்கள். முழு ஆட்டம் ஒன்றை எடுத்து, பத்து நிமிடம் உங்கள் ஆளை மட்டும் பாருங்கள். பந்து எங்கே போனாலும் கண் அவன் மேலேயே இருக்கட்டும். கஷ்டமான காரியம், மூன்றாவது நிமிடத்திலேயே கண் பந்தின் பின்னால் ஓடிவிடும். எதிரணியின் நெட்டை ஆள் ஸ்க்ரீன் போட்டு வழிமறிக்கிறான் அல்லவா, அந்த நொடியில் இவன் கால்களைப் பாருங்கள். தோளைச் சாய்த்து, ஒரு காலை ஸ்க்ரீனுக்கு முன்னால் நுழைத்து, பந்துக்காரனோடு ஒட்டியே போகிறானா? அல்லது மோதி நின்றுவிட்டு ‘நீ பார்த்துக்கோ’ என்று கையைக் காட்டுகிறானா? கல்லூரியில் அப்படிக் கையைக் காட்டித் தப்பலாம், ஏனென்றால் கூடைக்கடியில் ஒரு நெட்டையன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காவல் நிற்கலாம். என்பிஏவில் தன் ஆள் அருகில் இல்லாமல் மூன்று நொடிக்கு மேல் அங்கே நிற்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் காப்பாற்ற ஆள் இல்லாதபோதுதான் சாயம் வெளுக்கும்.

அடுத்தது ஃப்ரீ த்ரோ, எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் இலவச எறிதல். த்ரீ பாயிண்டர் சதவீதத்தை நம்பி நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கல்லூரிப் பருவம் முப்பத்தைந்து ஆட்டங்கள் போல. அதில் எறிவது குறைவு, அதிர்ஷ்டம் அதிகம். த்ரீ பாயிண்டர் கோடும் வேறு. இன்றைய கல்லூரிக் கோடு 22 அடி 1¾ அங்குலம், என்பிஏவில் நடுவில் 23 அடி 9 அங்குலம், மூலையில் 22 அடி. ஃப்ரீ த்ரோவோ எல்லா ஊரிலும் ஒரே 15 அடி, யாரும் மறிக்காமல், அவனும் அவன் கையும் மட்டும். கவாய் இரண்டாம் வருடத்தில் த்ரீ பாயிண்டரில் 29 சதவீதம்தான். ஃப்ரீ த்ரோவில் 76. சான் அன்டோனியோவில் பந்தை விடும் விதத்தைத் திருத்திக் கொடுத்தார்கள், முதல் வருடமே 37 சதவீதத்தைத் தாண்டினார். என் கணக்கில் ஃப்ரீ த்ரோ 70க்கு மேல் இருந்தால் கையில் சரக்கு இருக்கிறது, சொல்லித்தர ஆள்தான் வேண்டும்.

ட்ராஃப்டுக்கு முன்னால், மே மாதம் சிகாகோவில் முகாம் போட்டு, தேறுவார்கள் என்று நினைப்பவர்களைக் கூப்பிட்டு அளவெடுப்பார்கள். அதில் செருப்பில்லாத உயரத்தை எழுதிக்கொண்டு, பக்கத்தில் இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளத்தை எழுதுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். (சுவரில் பென்சில் குறி போட்டு எனக்கே அளந்தேன். உயரத்தைவிட ஓர் அங்குலம் குறைவு. கல்லூரியில் என்னை ஏன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள் என்று அன்றுதான் புரிந்தது.) கவாய் ஆறரை அடி, கை விரிப்பு 7 அடி 3 அங்குலம். மிச்சிகன் ஸ்டேட்டில் நான்கு வருடம் ஆடிவிட்டு 2012இல் 35ஆவதாகப் போய், என்பிஏவில் நிலைத்த டிரேமண்ட் கிரீனின் கதையும் இதே கைதான்.

வயதை நாள் கணக்காக எழுதுங்கள். 2006 ட்ராஃப்டிலிருந்து, அந்த ஆண்டுக்குள் 19 ஆகாதவர் நுழைய முடியாது. அமெரிக்கப் பையன் என்றால் பள்ளி முடித்து ஒரு வருடமும் ஆகியிருக்க வேண்டும். 22 வயதுக்காரன் 19 வயதுப் பிள்ளைகளை அடித்து ஆடுவதற்கும், 19 வயதுக்காரனே அப்படி ஆடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் வயதானவன் வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வில்லனோவா பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் ஆடி இரண்டு முறை கல்லூரிச் சாம்பியன் பட்டம் வென்ற ஜேலன் பிரன்சனை 2018இல் 33ஆவதாகத்தான் எடுத்தார்கள். விச்சிடா ஸ்டேட்டின் ஃப்ரெட் வான்விலீட்டை 2016இல் யாருமே எடுக்கவில்லை. இருவரும் என்பிஏவில் நிலைத்தார்கள். இவர்களுக்கு வளர்வதற்கு உயரம் இல்லை, கற்றுக்கொள்ளவும் கொஞ்சம்தான் பாக்கி. போன இடத்தில் வேலை தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இப்போது ஒரு சிக்கல் வேறு. 2021 ஜூலையிலிருந்து கல்லூரிப் பையன்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம்; 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே பணம் தரலாம். அதனால் இரண்டாம் சுற்றில் போவோமா மாட்டோமா என்று இழுபறியில் இருப்பவன் பேசாமல் கல்லூரிக்கே திரும்பிவிடுகிறான். ட்ராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் அதைத் திரும்பப் பெறும் கடைசித் தேதி சிகாகோ முகாம் முடிந்து சில நாளில் வரும். அதற்கு முன்னால் நோட்டில் பேனாவைத் தொடாதீர்கள், பென்சில் போதும்.

பெயர் கூப்பிட்டதும் எந்தச் சுற்று என்று பாருங்கள். முதல் சுற்று என்றால் இரண்டு வருடச் சம்பளம் உறுதி. மூன்றாவது, நான்காவது வருடம் அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றுக்கு அப்படி எந்த உறுதியும் இல்லை. யாரும் எடுக்காதவர்களுக்கு டூ-வே ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. பாதி நாள் என்பிஏவுக்கு அடுத்த படியான ஜி லீக்கில், என்பிஏவில் அதிகபட்சம் 50 ஆட்டம். ஆஸ்டின் ரீவ்ஸ் 2021இல் லேக்கர்ஸுக்குள் நுழைந்தது இந்தப் பின்கதவு வழியாகத்தான். ஜூலையில் லாஸ் வேகஸில் புதியவர்களுக்காக நடக்கும் சம்மர் லீகில் இந்த மாதிரி ஆட்களைத்தான் நான் தேடிப் பார்ப்பேன். முதல் பெயராகப் போனவனைப் பார்க்க ஊரே இருக்கிறது.

மார்க் போடுவது நான்கு வருடம் கழித்துத்தான். 2011 பக்கத்தை 2015இல் திறந்தபோது ஜிம்மர், கவாய் இரண்டு வரியையும் எதிர்பார்த்தபடியே சிவப்பு மையில் திருத்தினேன். ஆனால் கடைசி வரியில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். ஜிம்மரை வாங்கிய அதே சாக்ரமென்டோ, அதே நாள், 60ஆவது பெயர்: வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஐசாயா தாமஸ். மூன்றாவது வருடம் அங்கேயே ஆட்டத்துக்கு 20 பாயிண்ட் எடுத்தவர். என் கையெழுத்தில் ‘5 அடி 9 அங்குலம். வேண்டாம்’ என்று இருந்தது. என்னுடைய நோட்டில் அவர் தேறமாட்டார், இன்றைக்குப் போட்டாலும்தான்.