அமைச்சர் வாயில் தேதியை வைக்காதீர்கள்: சட்டமன்றக் கேள்விக்குப் பதில் எழுதுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேரவை கூடும் தேதி அறிவித்துவிட்டால் பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்துவிடும். நான் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. ஆனாலும் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள், "சார், அசெம்பிளி கொஸ்டின் ஒண்ணு வந்திருக்கு, நாளைக் காலைக்குள்ள பதில் போகணுமாம்" என்று தாளோடு வந்து நிற்பார்கள். போன வாரம் ஒரு பெண் வந்தாள். குடிநீர் பற்றிய கேள்வி. அவள் எழுதியிருந்த பதிலைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தொண்ணூறுகளில் நான் எழுதிய அதே வரி, எழுத்து மாறாமல் இருந்தது.

அமைச்சர் எழுந்து பதில் சொல்வதை டிவியில் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பதில் எங்கே பிறந்தது என்று தெரியாது. எதிர்க்கட்சி உறுப்பினர் எழுதிக் கொடுத்த வினா தலைமைச் செயலகத்திலிருந்து துறைத் தலைமைக்குப் போகும். அங்கிருந்து மண்டலம், கோட்டம், உபகோட்டம் என்று இறங்கி, கடைசியில் வள்ளியூரிலோ சேரன்மகாதேவியிலோ ஒரு பிரிவு அலுவலக மேஜையில் வந்து விழும். அங்கே எழுதுவதுதான் நாலு கை திருத்தத்தோடு திரும்ப மேலே ஏறி, புனித ஜார்ஜ் கோட்டையில் வாசிக்கப்படும். எழுத்துப் பிழை, 'மாண்புமிகு' விட்டுப்போவது இதையெல்லாம் போகிற வழியில் யாராவது திருத்திவிடுவார்கள். அதைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை.

அடுத்தவர் கையில் இருக்கும் வேலைக்கு நாம் தேதி கொடுப்பது

நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமம். அங்கே மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். வினா வழக்கமான வடிவத்தில்தான் வந்தது: (அ) மேற்படி தொட்டி எந்த நிலையில் உள்ளது? (ஆ) எப்போது பயன்பாட்டுக்கு வரும்?

கோப்பைப் புரட்டினேன். தூண் எழும்பி, தொட்டி நின்று, வெள்ளையடித்தாயிற்று. பைப் பதித்தாயிற்று. பாக்கி மோட்டாருக்குக் கரண்ட் கனெக்‌ஷன் மட்டும்தான். அதற்குப் பணம் கட்டிய ரசீதும் கோப்பில் இருந்தது. ஒரு மாதத்தில் வராதா என்ன? "பணிகள் முடிவுறும் தறுவாயில் உள்ளன. மார்ச் மாத இறுதிக்குள் குடிநீர் வழங்கப்படும்" என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தேன், ஜோராக இருந்தது. மேலே இருந்தவர்களுக்கும் பிடித்துப்போனது. அமைச்சர் எழுந்து நின்று சொல்ல ஒரு தேதி கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

அமைச்சர் வாசித்தார். கேள்வி கேட்டவருக்கு அந்த ஊரில் சொந்தக்காரர்கள் உண்டு. தொட்டியைப் பற்றி என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எழுந்து ஒரே ஒரு துணைக் கேள்வி போட்டார்: "மோட்டார் ஓட மின்சாரம் இருக்கிறதா?" அமைச்சர் கையில் இருந்த குறிப்பில் மின்சாரம் என்ற சொல்லே இல்லை. இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் ஒரு விநாடி தாளைப் பார்த்துவிட்டு, "அதுவும் மார்ச்சுக்குள் கொடுக்கப்படும்" என்றார். மேஜையைத் தட்டினார்கள்.

மார்ச் போயிற்று, அடுத்த மார்ச்சும் போயிற்று. கம்பம் ஒரு தென்னந்தோப்பு வழியாகப் போக வேண்டியிருந்தது, தோப்புக்காரர் விடவில்லை. அது எங்கள் துறையும் இல்லை, எங்கள் கோப்பும் இல்லை. ஆனால் தேதி எங்களுடையது.

இங்கேதான் புதியவர்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. சபையில் அமைச்சர் ஒன்றைச் செய்வதாகச் சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. அரசு உறுதிமொழிக் குழு என்று பேரவைக்கு ஒரு குழு உண்டு. அது அவைக் குறிப்பிலிருந்து அந்த வரிகளைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்ளும். வேலை நிறைவேறும்வரை நிலுவைப் பட்டியலிலிருந்து எடுக்காது. மக்களவையில் 1953-லிருந்தே இப்படியொரு குழு இருக்கிறது, மாநிலங்களவையில் 1972-லிருந்து. அங்கே சொன்னதைச் செய்து முடிக்க மூன்று மாதம் கெடு. நம் பேரவைக் குழு மாவட்டம் மாவட்டமாக வரும். கலெக்டர் ஆபீஸில் உட்கார்ந்து கேட்பதோடு விடாது, வண்டியை எடுத்துக்கொண்டு இடத்துக்கே போய்ப் பார்க்கும்.

எங்கள் தொட்டிக்கும் வந்தது. அதன் அடியில் ஏழெட்டு ஆடு படுத்திருந்தது. தூணில் போன தேர்தலின் சின்னம் பாதி உரிந்து கிடந்தது. எட்டிப் பார்க்க வந்த ஒரு ஆச்சி, கூட்டத்தில் வெள்ளை வேட்டியாக இருந்தவரைப் பார்த்து, "ஏய்யா, தண்ணி வருமா, இல்ல ஆட்டுக்கு நெழலுக்குத்தான் கட்டினீயளா?" என்று கேட்டாள். யாரோ சிரித்தார்கள். குழுத் தலைவர் சிரிக்கவில்லை. "மார்ச் என்று எழுதிக் கொடுத்தது யார்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(அ) மெமோ வந்தது, ஒரு இன்கிரிமென்ட் போனது. அந்தப் பணத்தை மறந்துவிட்டேன், ஆச்சியை மறக்க முடியவில்லை.

சரி, என்ன எழுதியிருக்க வேண்டும்? "தொட்டியும் பகிர்மானக் குழாய்களும் முடிந்துள்ளன. மின் இணைப்புக்கு இன்ன தேதியில் கட்டணம் செலுத்தப்பட்டுள்ளது. இணைப்பு கிடைத்தபின் குடிநீர் வழங்கப்படும்." இவ்வளவுதான். இதுவும் உறுதிமொழிதான், ஆனால் காப்பாற்றக்கூடியது. துணைக் கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. ரோடு வெட்ட அனுமதி, ரயில் பாதையைக் கடக்க அனுமதி, களக்காடு முண்டந்துறைப் பக்கம் என்றால் வனத்துறை அனுமதி, நில எடுப்பு என்று வேலையின் சாவி வேறொருவர் மடியில் இருந்தால் 'முடிக்கப்படும்' என்று எழுதப் பேனாவைத் திறக்காதீர்கள். தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009-ல் 369 கோடி ரூபாயில் தொடங்கியது. பத்து வருஷத்துக்கு மேல் இழுத்து, மதிப்பீடு ஆயிரம் கோடியைத் தாண்டியது. நம் மாவட்டத்தில் இதைப் பார்த்த பிறகும் ஒருவர் 'மார்ச் இறுதிக்குள்' என்று எழுதுகிறார் என்றால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

'தறுவாயில்' என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். முப்பது சதவீத வேலைக்கும் அதைத்தான் போடுகிறார்கள்.

'பரிசீலனையில் உள்ளது' என்றால் தப்பித்துவிடலாம் என்ற நினைப்பு

நாடாளுமன்றத்தில் உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளப்படும் சொற்றொடர்களுக்கு ஒரு பட்டியலே உண்டு. இது அதில் இருக்கிறது.

துணைக் கேள்வியை மறப்பது

எம்.பி. கேட்கும் கேள்வியும் சில சமயம் டெல்லியிலிருந்து இறங்கி நம் மேஜைக்கு வரும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள். அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வி உண்டு. நட்சத்திரம் இல்லாததற்கு எழுத்தில் பதில், அதோடு சரி. தாள் கைக்கு வந்ததும் முதலில் நட்சத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எதிர்க்கட்சிக்காரர் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது கொஞ்சம். தெரிந்ததைச் சபையில் பதிவு செய்யக் கேட்பதுதான் அதிகம். பெரும்பாலும் விடை அவர் பையிலேயே இருக்கும். அதனால் அவர் எந்த ஊர் டீக்கடையில் எந்தப் புகாரைக் கேட்டிருப்பார் என்று யோசித்து, அதற்கு ஐந்தாறு வரி தனித் தாளில் எழுதிக் கூட அனுப்புங்கள். கெட்ட செய்தியை முதல் வரியில் எழுதுங்கள். அமைச்சருக்கு மைக் முன்னால்தான் அது தெரிய வேண்டுமா?

மேலே நிற்பவர்தான் மாட்டுவார் என்பதற்கு ஒரு பழைய கதை. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணத்தைத் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிகளில் போட்ட விவகாரம் 1957-ல் மக்களவையில் எழுந்தது. காங்கிரஸ் எம்.பி. பெரோஸ் காந்தி விடாமல் பிடித்தார். விசாரித்த நீதிபதி சாக்ளா, செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்று சொன்னார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அதே டி.டி.கே. 1962-ல் போட்டியே இல்லாமல் மக்களவைக்குத் திரும்பப் போனது திருச்செந்தூர் தொகுதியிலிருந்து. அன்றைக்கு அது நம் திருநெல்வேலி மாவட்டம்தான். எழுதிக் கொடுக்கிற நமக்குத் தொகுதியும் கிடையாது, திரும்பி வரும் வழியும் கிடையாது.

55 லிட்டர்

ஊரகக் குழாய் இணைப்புக்கு ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அது திட்டம் போட்ட அளவு. நாம் அதையே "55 லிட்டர் வழங்கப்பட்டு வருகிறது" என்று எழுதிவிடுகிறோம். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் கடைசிக் குழாயடியில் போய் நின்று பாருங்கள். ஒரு குடம் நிறைய எத்தனை நிமிஷம், எத்தனை நாளைக்கு ஒரு முறை, எத்தனை வீடு என்று குறித்துக்கொண்டு வாருங்கள். தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் கேட்காதீர்கள், அங்கே எப்போதும் தண்ணீர் வரும். 2022 ஜனவரியிலிருந்து நம் பேரவையின் கேள்வி நேரம் நேரலையில் வருகிறது. அமைச்சர் 55 லிட்டர் என்று சொல்லி முடிப்பதற்குள் ஊர்க்காரர் போனைப் பார்த்துக்கொண்டே குழாயைத் திறந்து பார்த்துவிடுவார்.

தென்காசியைக் கழிக்காமல் விடுவது

2019 நவம்பர் 22-ஆம் தேதி முதல் அது திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தனி மாவட்டம். பழைய புள்ளிவிவரத்தை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

ஊர்ப் பெயர்

இங்கே திரும்பின பக்கமெல்லாம் ஒரு புதூர். ஊராட்சி, ஒன்றியம் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

'எழவில்லை'

(அ)வுக்கு 'இல்லை' என்றால்தான் (ஆ)வுக்கு 'எழவில்லை', அதாவது அந்தக் கேள்விக்கே இடமில்லை. பதில் தெரியாததற்கெல்லாம் அதைப் போடக் கூடாது.

போனில் கேட்டு எழுதுவது

அந்தப் பெண்ணிடம் "நேரில் பார்த்தாயாம்மா?" என்று கேட்டேன். "இல்ல சார், போன்ல கேட்டேன். முடிஞ்ச மாதிரிதான் சொல்லுதாங்க" என்றாள். 'மாதிரி'க்கு அடியில் ஒரு கோடு போட்டுக் கொடுத்து, காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்கச் சொன்னேன். மறுநாள் பதினொரு மணிக்குத் தொட்டியின் உச்சியிலிருந்து போன் செய்தாள். ஏணி துருப்பிடித்திருக்கிறதாம், வால்வு இன்னும் மாட்டவில்லையாம். தேதியை அடித்துவிட்டு, வால்வு மாட்டவில்லை என்பதை முதல் வரியில் எழுதி அனுப்பினாள். சாயங்காலம் மறுபடி போன்.

"சார், தேதி இல்லாம அனுப்பினா மேல இருந்து திட்டுதாங்க. ஏதாவது ஒரு மாசத்தப் போடச் சொல்லுதாங்க."

"போடச் சொல்கிறவங்களையே கோப்புல எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லும்மா" என்றேன். அதற்கப்புறம் அவளுக்கு மேலேயிருந்து போன் வரவில்லையாம்.