கரண்ட் போய் வந்தாலும் மாறாத ஐபி எண்: வீட்டுக் கணினிக்கு ஸ்டாட்டிக் ஐபி வைப்பது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீடு. கீழே அப்பாவின் கொலுசுப் பட்டறை, கணக்கெல்லாம் அங்கிருக்கும் கணினியில். மாடியிலிருந்து அதே ஃபோல்டரை என் லேப்டாப்பில் திறந்து நான் பில் போடுவேன். கரண்ட் போய் வந்தால் மட்டும் திறக்காது. "கண்ணு, பில்லு என்னாச்சு? ஆளுங்க நிக்கிறாங்க" என்று அப்பா கீழிருந்து குரல் கொடுப்பார்.

கீழ்க் கணினியின் ஐபி எண் (வீட்டு நெட்டில் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் கொடுக்கும் முகவரி) 192.168.1.5 ஆக இருந்தது. கரண்ட் வந்ததும் ரவுட்டர் பழசையெல்லாம் மறந்துவிட்டு, முதலில் வந்து ஒட்டிய அம்மாவின் போனுக்கு அந்த 5-ஐக் கொடுத்துவிட்டது. கணினிக்குக் கிடைத்தது 7. நானோ அம்மாவின் போனிடம் போய்க் கணக்கு கேட்டுக்கொண்டிருந்தேன்!

இதற்கு வழி, கணினிக்கு மாறாத எண் ஒன்றை நாமே வைத்துவிடுவது. அதுதான் ஸ்டாட்டிக் ஐபி. இணைய நிறுவனத்துக்கு மாதாமாதம் காசு கட்டி வாங்கும் ஸ்டாட்டிக் ஐபி வேறு. இது வீட்டுக்குள் மட்டும் புழங்கும் எண், செலவே இல்லை.

முதலில் இப்போதிருக்கும் எண்களை எடுங்கள். விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி, சிஎம்டி என்று ஆங்கிலத்தில் அடித்துக் கறுப்புத் திரையைத் திறந்து, ஐபிகான்ஃபிக், ஓர் இடைவெளி, சாய்கோடு, ஆல் என்று தட்டுங்கள். ஐபிவி4 அட்ரஸ், சப்நெட் மாஸ்க், டீஃபால்ட் கேட்வே (ரவுட்டரின் எண்), டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தரும் இடம்) நான்கையும் பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து எண்ணைத் தேர்வது. நான் சறுக்கியது இங்கேதான். 20 யாரிடமும் இல்லை என்று பார்த்து அதையே வைத்தேன். இரண்டு வாரம் பிரச்சினையே இல்லை. கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு உறவுக்காரர்கள் வந்தார்கள், வந்தவர்கள் எல்லாம் வைஃபை கேட்டார்கள். ரவுட்டர் வரிசையாக எண் கொடுத்துக்கொண்டே போய், அத்தை மகன் போனுக்கு 20-ஐ நீட்டிவிட்டது. ஒரே எண்ணுக்கு இரண்டு பேர். கணினியில் ஐபி மோதல் என்று எச்சரிக்கை, பில்லும் போச்சு.

இன்று காலியாக இருக்கிறது என்பது போதாது. ரவுட்டர் எப்போதுமே கொடுக்காத எண்ணாக இருக்க வேண்டும். பிரௌசரில் கேட்வே எண்ணை அடித்தால் ரவுட்டரின் பக்கம் வரும் (பாஸ்வேர்டு பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்). லேன் பகுதியில் டிஹெச்சிபி (ரவுட்டர் தானாக எண் கொடுக்கும் ஏற்பாடு) என்று தேடுங்கள், தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் இருக்கும். எங்கள் வீட்டில் 2 முதல் 254 வரை திறந்து கிடந்தது. முடிவை 199 ஆக்கினேன். அதற்கு மேலே எல்லாம் என் கையில். கணினிக்கு 200, பிரிண்டருக்கு 201.

இனி கணினி. புது செட்டிங்ஸ் பக்கத்திலும் செய்யலாம், ஆனால் எனக்கு அது பிடிக்காது. விண்டோஸ் 10-இல் அங்கே சப்நெட் பிரிஃபிக்ஸ் லெங்த் என்று கேட்கும். 255.255.255.0 என்று அடித்தால் சேமிக்காது, ஏனென்றும் சொல்லாது. 24 என்று போட வேண்டும். அதனால் பழைய வழியே மேல். விண்டோஸும் ஆரும் அழுத்தி, என்சிபிஏ, புள்ளி, சிபிஎல் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். உங்கள் இணைப்பின்மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4. ஐபி 192.168.1.200, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 (நீங்கள் எழுதி வைத்த கேட்வே வேறானால் அதையும், அதற்கேற்ற ஐபியையும் போடுங்கள்). கீழே டிஎன்எஸ் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், விட்டால் நெட் இருக்கும், ஒரு தளமும் திறக்காது. எழுதி வைத்த டிஎன்எஸ் எண்ணையே போடலாம். நான் 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் போட்டிருக்கிறேன்.

சரி, இப்போது ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் சித்தப்பா மகள் தன் லேப்டாப்பில் அப்படியே செய்து, அதைத் தூக்கிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போய்விட்டாள். கொண்டை ஊசி வளைவு இருபதும் ஏறி, தங்கிய வீட்டில் திறந்தால் நெட் இல்லை. அங்கே கேட்வே 192.168.0.1, லேப்டாப்போ சேலத்து எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஊர் சுற்றும் லேப்டாப்புக்கு இந்த முறை வேண்டாம். ரவுட்டரிலேயே அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் அதன் ஃபிசிக்கல் அட்ரஸை (கருவியின் சொந்த அடையாள எண், அதே கறுப்புத் திரையில் இருக்கும்) கொடுத்து எண் ஒதுக்குங்கள், லேப்டாப்பில் ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸை அணைத்து வையுங்கள். அன்றைக்குப் போனில் அவளைப் பழையபடி ஆட்டோமேட்டிக்காக மாற்றச் சொன்னேன். "மாத்திட்டேன் அண்ணா, இன்னும் வரலையே" என்றாள். மேலே இருந்த ஐபியை மட்டும் மாற்றியிருந்தாள். கீழே டிஎன்எஸ்ஸில் சேலம் ரவுட்டரின் எண் அப்படியே உட்கார்ந்திருந்தது.