சேர்வர் வாங்க முதல்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, சம்மாந்துறை வரைக்கும் சிறு கொம்பனிகளுக்குக் கொம்பியூட்டர் வேலை பார்ப்பது என் தொழில். வேலை செய்கிற ஆட்கள் பத்தைத் தாண்டியதும் முதலாளிமார் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, எங்களுக்கும் ஒரு சேர்வர் போடுவமா?" கொம்பனிப் பெயரில் ஈமெயில், எல்லாரும் பார்க்கிற கலண்டர், பைல்களுக்கு ஒரே இடம். இதையெல்லாம் சேர்த்துத் தருகிற மென்பொருளைத்தான் கேட்கிறார்கள்.

என் சிபாரிசை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈமெயிலை வாடகைக்கு எடுங்கள். பைல்களை, கவனிக்க ஆள் இருந்தால், சொந்தச் சேர்வரில் வையுங்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் மலிவாகப் போட்டுத் தாறன் என்று வருகிறவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மென்பொருளின் பெயரைத் தேட முதல் ஒரு கிழமைக்கு உங்கள் கந்தோரின் வட்ஸ்அப் குரூப்பைப் பாருங்கள். இப்போதைக்கு உங்கள் சேர்வர் அதுதான். சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் நெல் எடுத்த சிட்டை, லொறி நம்பர், கொழும்பு ஓடர், பேங்க் சிலிப் எல்லாம் ஒரே குரூப்பில் கிடந்தன, நடுவில் காலை வணக்கப் படங்களும். கணக்குப் பார்க்கிறவர் வேலையை விட்டால் பாதிக் கணக்கு அவருடைய போனோடு போய்விடும். ஆலை முதலாளி ஹாஜியாருக்கு வேண்டியிருந்தது வீடியோ மீட்டிங் இல்லை; சிட்டை தொலையாமல் கிடக்க ஒரு இடம். பாசிக்குடாவில் ஒரு விடுதியில் கதை வேறு. அங்கே புக்கிங் கலண்டர்தான் உயிர், பைல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் வெள்ளைக்காரரின் பாஸ்போட் படங்கள் ரிசப்ஷனில் நிற்கிற பையனின் சொந்தப் போனில் இருந்தன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அப்படி வைத்திருப்பது புத்தியில்லை.

இனி ஈமெயில். சொந்தச் சேர்வரில் ஈமெயில் ஓட்ட மெயில்கவ் போன்ற இலவச மென்பொருளை ஒரு பின்னேரத்தில் நிறுவிவிடலாம். கஷ்டம் வெளியில் இருக்கிறது. கந்தோர் இணைப்பின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அதை அடையாளம் காட்டுகிற இலக்கம், பெரும்பாலும் மாறிக்கொண்டே இருக்கும். அந்த வகை முகவரிகளை குப்பை ஈமெயிலைத் தடுக்கிற ஸ்பாம்ஹவுஸ் போன்ற பட்டியல்கள் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கின்றன. ஐபியைத் திருப்பித் தேடினால் உங்கள் சேர்வரின் பெயர் வரவேண்டும். கடிதம் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டுகிற எஸ்பிஎப், டிக்கிம், டிமார்க் பதிவுகள் சரியாக இருக்கவேண்டும். 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் இன்னும் இறுக்கம். ஒன்று பிசகினால் நீங்கள் அனுப்பிய கொட்டேசன் வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டிக்குள் விழும், உங்களுக்குத் தெரியவும் வராது. கரண்டையும் யோசியுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். அதைத் தாங்குகிற யூபிஎஸ்ஸை எந்தச் சின்னக் கந்தோர் வைத்திருக்கும்?

வாடகைக்கு எடுப்பதென்றால் கூகுள் வேர்க்ஸ்பேஸ் அல்லது மைக்ரோசொப்ட் 365. எக்செலிலேயே வாழ்கிறவர்களுக்கு இரண்டாவது, போனிலேயே வாழ்கிறவர்களுக்கு முதலாவது. அதற்கு மேல் மண்டையைக் குழப்பவேண்டாம். மண்டையைக் குழப்பவேண்டியது ஆள் கணக்குக்குத்தான். வாடகை ஆளுக்கு இவ்வளவு என்று டொலரில் வரும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். லொறி ஓடுகிறவருக்கும் ஸ்டோரில் நிற்கிறவருக்கும் தனித் தபால்பெட்டி எதற்கு? கணக்கு, ஓடர் என்று பொதுப்பெட்டிகள் போதும். மைக்ரோசொப்டில் 50 ஜிபி வரையான பகிர்வுப்பெட்டிக்குத் தனி லைசன்ஸ் தேவையில்லை. கூகுளில் குரூப் முகவரியை வைத்து இதே வேலையைப் பார்க்கலாம்.

பழைய சேர்வரொன்றை, மைக்ரோசொப்டின் ஈமெயில் மென்பொருளான எக்ஸ்சேஞ்சும் ஏற்கனவே போட்டு, அரைவிலைக்குக் கொண்டுவருவார்கள். எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. இன்னொரு ஈமெயில் மென்பொருளான சிம்ப்ராவின் இலவசப் பதிப்பில், அப்படியே நிறுவத் தயாராக வந்த கடைசிப் பதிப்பு 8.8.15, அதன் காலமும் 2023 முடிவோடு சரி. பழசு என்றால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் கிளவுட்டை, பைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற ரான்சம்வேர் தாக்கியது. கிட்டத்தட்ட 5000 அரச ஈமெயில் கணக்குகள் மாட்டின. மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போய்விட்டன. ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013, அந்த இடைக்காலத்துக்குப் பக்கப் (காப்பு நகல்) இல்லை.

பைல்களுக்கு நான் போடுவது நெக்ஸ்ட்கிளவுட். பைல்களைச் சொந்தச் சேர்வரில் வைத்துப் பகிர்கிற இலவச மென்பொருள், 2016இல் ஓன்கிளவுடிலிருந்து பிரிந்து வந்தது. 8 ஜிபி ரேமோடு ஒரு சின்னக் கொம்பியூட்டர், ஒன்றின் பிரதியாக மற்றது ஓடும்படி இரண்டு டிஸ்க், ஒரு யூபிஎஸ், பத்துப் பதினைந்து பேருக்குப் போதும். ஒவ்வொரு மேசையிலுள்ள கொம்பியூட்டரிலும் பைலின் நகல் இருப்பதால் இணையம் விழுந்தாலும் வேலை நிற்காது. இரண்டு டிஸ்க் இருப்பது பக்கப் ஆகாது. மூன்றாவது நகலொன்று இரவில் வேறொரு கட்டிடத்துக்குப் போகவேண்டும். வைக்கிற இடத்தையும் பாருங்கள். ஆலையில் உமித்தூசு விசிறியை அடைத்துவிடும், கச்சான் காத்துக் காலத்துச் சூட்டில் பெட்டி தானாகவே நின்றுவிடும். மாரியில் தண்ணி ஏறுகிற ஒழுங்கையென்றால் மேசைக்குக் கீழே வைக்கவே கூடாது.

இங்கே வருகிற இன்னொரு சிக்கல் பாமினி. நம் கந்தோர்களில் பத்துப் பதினைந்து வருசக் கடிதங்கள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. நெக்ஸ்ட்கிளவுட்டுக்குள், பைலைப் பிரவுசரிலேயே திறக்கிற கொலபோராவில் திறந்தபோது ஹாஜியார் கேட்டார்: "என்ன மனே, எழுத்தெல்லாம் பூச்சி ஊர்ந்த மாதிரிக் கிடக்கு?" அந்த எழுத்துரு சேர்வரிலேயே நிறுவப்பட்டிருந்தால்தான் தமிழ் தெரியும். போட்ட பிறகும் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். அதனால் இனிமேல் வருகிறதை, எந்தக் கொம்பியூட்டரும் தமிழாகவே படிக்கிற யுனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். பழசில் தேவையானதை மட்டும் மாற்றுங்கள். பைலின் பெயரையாவது யுனிகோடில் வையுங்கள். எந்த மென்பொருளைக் காட்ட வந்தாலும் உங்கள் சொந்தப் பாமினிக் கடிதமொன்றைக் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். அவர் கொண்டுவருகிற மாதிரிப் பைல் எப்பவும் அழகாகத்தான் திறக்கும்.

கடைசியாக டொமைன், அதாவது ஈமெயில் முகவரியில் @க்குப் பிறகு வருகிற உங்கள் கொம்பனிப் பெயர். அது உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் பதிவாகட்டும்; போட்டுத் தருகிற பையனின் பெயரில் அல்ல, என் பெயரிலும் அல்ல. அட்மின் பாஸ்வேட்டை ஒரு கடித உறையில் போட்டு ஒட்டி, காசுப் பெட்டியில் வையுங்கள். ஒரு வருசக் காசைக் கட்ட முதல் மூன்று பேரை வைத்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதில் ஒருவரின் தபால்பெட்டி முழுவதையும் ஐமேப் என்கிற வழியால், கொம்பியூட்டரில் ஈமெயில் படிக்கிற தண்டர்பேர்ட் மென்பொருளுக்கு இறக்குங்கள். பக்கப்பிலிருந்து ஒரு பைலை, நீங்களே அழித்துவிட்டு, திருப்பி எடுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டும் சரியாக வந்தால் காசைக் கட்டலாம்.