பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போறீங்களா, பழைய போட்டோவையும் எடுத்துக்கோங்க

வெளிநாட்டுல இருக்கிற, திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம் உள்ளவங்க டிக்கெட் போடும்போது முடிஞ்சா பங்குனி உத்திரத்தை ஒட்டிப் போடுங்க. அன்னைக்கு அவங்கவங்க குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு எங்கெங்க இருந்தோ வந்துருவாங்க, பம்பாய் சித்தப்பா, தூத்துக்குடி அத்தை, வருசம் பூரா பேச்சுவார்த்தை இல்லாத பெரியப்பா குடும்பம் எல்லாரும் ஒரே மரத்தடியில பொங்கப்பானைய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, குடும்ப வரலாறு கேக்க இதைவிடத் தோதான இடம் ஏது?

போன தடவை நான் பெருசா ஒண்ணும் செய்யல, வீட்டுல கிடந்த பழைய போட்டோ பதினஞ்சை ஸ்கேன் பண்ணி பெருசா பிரிண்ட் போட்டு, ரெண்டு மரத்துக்கு நடுவுல கயிறு கட்டி துணி கிளிப்புல தொங்கவிட்டேன். அரைமணி நேரத்துல கூட்டம். "ஏ, இது விக்கிரமசிங்கபுரம் மில்லு வாசல்ல எடுத்ததுல்லா"ன்னு ஒரு தாத்தா, "இல்லவே இல்ல, இது கொழும்பு"ன்னு இன்னொரு ஆச்சி, ஒரே சண்டை. ரெண்டையும் எழுதிக்கோங்க, யாரு சொன்னாங்கன்னும் எழுதிக்கோங்க. ஒரிஜினல் போட்டோ பின்னாடி பேனாவால எழுதாதீங்க, மை ஊறி முன்பக்கம் வந்துரும், பென்சில்தான்.

அடுத்து ட்ரங்குப் பெட்டி. எங்க பூட்டன் பத்திரத்துல 1098னு பாத்துட்டு ஆயிரம் வருசப் பத்திரம்னு ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல போட்டு நான் அசிங்கப்பட்டதுதான் மிச்சம். அது கொல்லம் ஆண்டு, மலையாள வருசக் கணக்கு! நம்ம பக்கம் பழைய ஓலையிலயும் பத்திரத்துலயும் இது சாதாரணமா வரும், 824 இல்லாட்டி 825 கூட்டணும், ஆக 1922-23. பசலின்னு போட்டிருந்தா 590 இல்லாட்டி 591 கூட்டுங்க, ஜூலையில ஆரம்பிக்கிற நிலவரிக் கணக்கு வருசம் அது.

பழைய பதிவு தேடி ஆபீசுக்கு அலையுறதுக்கு முன்னாடி ஊர் இப்ப எந்த மாவட்டம்னு பாத்துக்கோங்க. 1986ல தூத்துக்குடி பிரிஞ்சுது, 2019ல தென்காசி பிரிஞ்சுது, இது தெரியாம நான் ஒரு முழு நாளை வேற மாவட்டத்து ஆபீஸ் பெஞ்சுல கழிச்சேன். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துத் திருநெல்வேலி கலெக்டர் கடிதமெல்லாம் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துலதான், ஏர்போர்ட் போற வழியில எட்டிப் பாக்குற வேலை இல்ல அது, அனுமதிக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்க. கிறிஸ்தவக் குடும்பம்னா சேகரத்து ஐயரை, அதாவது சர்ச் போதகரைப் பாத்து பழைய ஞானஸ்நானப் பதிவேடு இருக்கான்னு கேளுங்க, ஞாயித்துக்கிழமை வேண்டாம், அன்னைக்கு அவருக்கு நிக்க நேரம் இருக்காது.

கோயில் கல்வெட்டு பாக்கப் போனா மாவு, எண்ணெய், சாக்பீஸ் எதையும் தேய்க்காதீங்க. பொழுது சாஞ்சப்புறம் டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க, எழுத்து தானா எந்திரிச்சு நிக்கும், பிள்ளைங்க வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்கும்.

ஒரு முக்கியமான விசயம், தாத்தா ஓலைச்சுவடியை ஆசையா சூட்கேஸ்ல வச்சுக் கொண்டு போயிராதீங்க. 75 வருசம் தாண்டின மதிப்புள்ள சுவடியும் 100 வருசம் தாண்டின கலைப்பொருளும் 1972 சட்டப்படி தொல்பொருள், தனியாளா நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. போட்டோ எடுத்துக்கிட்டு சுவடியை இங்கயே விடுங்க.

பிள்ளைங்களுக்கு ஆதிச்சநல்லூர்ப் பழங்கால ஈமக்காட்டைக் கண்டிப்பா காட்டணும். 1876ல ஜெர்மன்காரர் யாகோர் தோண்டி எடுத்தது பெர்லினுக்குப் போச்சு, தொல்லியல் துறை அதிகாரி அலெக்சாண்டர் ரீ தோண்டினதுல பெரும்பகுதி சென்னைக்குப் போச்சு, இப்பதான் கண்ணாடித் தரை போட்டு முதுமக்கள் தாழி கிடந்த இடத்துலயே கிடக்கிற மாதிரி காட்டுறாங்க. சொந்த ஊர்க்காரன் தன் ஊர்ச் சாமானைத் தன் ஊர்லயே பாக்க இவ்வளவு காலம் ஆயிருக்கு, எனக்கு அதுல இன்னும் ஆத்தாமைதான். பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகமும் போகலாம், வெள்ளிக்கிழமை லீவு.

கிளம்பும்போது பிரிண்டுகளைத் திருப்பிக் கொண்டு போகாதீங்க. பள்ளிக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ ஒரு செட் குடுங்க. எங்க ஊர் டீக்கடை அண்ணாச்சி ஒண்ணைக் கேட்டு வாங்கி பாய்லருக்குப் பின்னாடி மாட்டிட்டாரு, போன மாசம் வாய்ஸ் மெசேஜ் போட்டாரு, "தம்பி, அந்த போட்டோவுல மூணாவது ஆளு யாருன்னு தெரிஞ்சு போச்சு, சேரன்மாதேவிக்காரரு ஒருத்தரு டீ குடிக்க வந்தாரு, அவரு பாட்டனாராம்."