ஸ்கூல் பஸ்ஸின் வாலில் ஹிட்ச் பொருத்துவது

பழைய ஸ்கூல் பஸ்ஸை வாங்கி வீடாக மாற்றி முடித்தவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, பின்னால் ஒரு சின்னக் காரையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது. அதற்கு வாலில் ஹிட்ச், அதாவது இழுவை இணைப்பு, வேண்டும். நியாயமான ஆசைதான். பால் பாக்கெட் வாங்க அவ்வளவு நீளப் பஸ்ஸை எடுத்துக்கொண்டு அமெரிக்கச் சிற்றூர்த் தெருக்களில் சுற்ற முடியாது. என்னுடையது 2001 மாடல் இன்டர்நேஷனல் 3800, டிடி466இ இன்ஜின், ஏர் பிரேக். இன்ஜினுக்கு ஒரு கார் பொருட்டே இல்லை. யோசிக்க வேண்டியதெல்லாம் வாலைப் பற்றித்தான்.

பின் பம்பர் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், நம்பாதீர்கள். அது வளைத்த தகடு, இடி வாங்கத்தான் இருக்கிறது, இழுக்க அல்ல. அடியில் படுத்து, பஸ்ஸின் நீளவாக்கில் ஓடும் இரும்புச் சட்டங்களான சேசிஸ் ரெயில் இரண்டும் எதுவரை வருகின்றன என்று பாருங்கள். பின் ஆக்சிலுக்கு அப்பால் தனித் துண்டு வைத்து நீட்டியிருந்தால், ஹிட்ச்சின் பக்கத் தகடு அந்த ஒட்டைத் தாண்டி அசல் ரெயிலைப் பிடிக்கும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. காரை டிரெய்லரில் ஏற்றி இழுத்தால், டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் மேல் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் ஆட்டம் போடும். 5,000 பவுண்டு டிரெய்லருக்கு 600 பவுண்டு என்று வையுங்கள். பிக்கப் வண்டியில் ஆக்சிலுக்கும் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் பந்துக்கும் நாலடிதான் தூரம். பஸ்ஸில் 10 அடி சாதாரணம். வீல்பேஸ் 20 அடி என்றால், அந்த 600 பவுண்டு பின் ஆக்சிலில் 900 ஆக இறங்கும், முன் ஆக்சிலிலிருந்து 300 பவுண்டைத் தூக்கிவிடும். மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி எழும்புமே, அதே கதைதான். ஸ்டீயரிங் லேசாகும். தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரிகளையும் ஏற்கெனவே பின்னால் வைத்திருந்தால் இன்னும் மோசம். ஆகவே முதலில் ஏதாவது டிரக் ஸ்டாப்பில் கேட் (CAT) ஸ்கேல் என்ற எடைமேடையில் ஏற்றி முன் ஆக்சில், பின் ஆக்சில் எடையைத் தனித்தனியாக வாங்கி, பஸ்ஸின் தகட்டில் போட்டிருக்கும் வரம்போடு ஒப்பிடுங்கள். இந்தக் காரணத்தால்தான் டிரெய்லரைவிட, நாலு சக்கரமும் தரையில் உருள டோ பார் என்ற இழுவைக் கம்பியில் காரை இழுப்பதே பஸ்ஸுக்கு நல்லது என்பேன். ஹிட்ச்சின் மேல் பாரமே கிட்டத்தட்ட இல்லை. ஆனால் எல்லாக் காரையும் இப்படி இழுக்க முடியாது. காரின் கையேட்டில் அனுமதி இருக்க வேண்டும். முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட முடிகிற ஜீப் ராங்ளரை இதற்காகவே பலர் வாங்குகிறார்கள்.

சரி, இரும்புக்கு வருவோம். பஸ்ஸுக்கென்று அளவெடுத்த ஹிட்ச் கடையில் கிடைப்பது அபூர்வம், செய்துகொள்ள வேண்டியதுதான். எடை வரம்பு அச்சிட்ட 2 இஞ்ச் ரிசீவர் குழாய் (டோ பாரைச் செருகுவது இதில்தான்), கால் இஞ்ச் கனமுள்ள சதுரக் குழாயில் குறுக்குச் சட்டம், இரண்டு பக்கமும் அரை இஞ்ச் தகடு. ரெயில்களின் வெளி அகலம் பெரும்பாலும் 34 இஞ்ச் வாக்கில் இருக்கும், ஆனாலும் அளந்துவிட்டே வெட்டுங்கள். இந்தச் சட்டத்தைச் சான்றிதழ் பெற்ற வெல்டரிடம் கொடுத்து, பஸ்ஸை விட்டுத் தள்ளி வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். பஸ்ஸின் ரெயிலில் வெல்டிங் கூடாது. ரெயில் வெப்பம் ஏற்றிப் பதப்படுத்திய இரும்பாக இருந்தால், பற்றவைத்த இடத்தை ஒட்டியே பலம் போய்விடும். நான் கரூர்க்காரன், பஸ் பாடி கட்டும் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்தவன். எனக்கே வெல்டிங் ராடைப் பார்த்தால் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ள வேண்டும்.

துளை போடுவது ரெயிலின் நிற்கும் முகத்தில் மட்டும். மேலும் கீழும் மடிந்திருக்கும் விளிம்புகளைத் தொடவே கூடாது, பாரத்தைத் தாங்குவது அவைதான். ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகள் பொருந்தினால் அவற்றையே பயன்படுத்துங்கள். புதியவற்றை ஒரே செங்குத்துக் கோட்டில் வரிசையாகப் போடாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். துளைக்கு முன் ரெயிலின் உள்பக்கம் கையை விட்டுப் பாருங்கள், ஏர் பைப்பும் ஒயரும் ஓடும். கோபால்ட் பிட், கட்டிங் ஆயில், மெதுவான சுற்று. முதலில் கால் இஞ்ச், அப்புறம் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். இரும்பு சுருள் சுருளாக வந்தால் வேகம் சரி. நீலம் பாய்ந்து புகைந்தால் பிட் சாகிறது என்று பொருள். கேஸ் கட்டிங்கில் ஓட்டை போடுகிற பேச்சே வேண்டாம்.

போல்ட் 5/8 இஞ்ச், கிரேடு 8. தலையில் ஆறு கோடு இருக்கும். மூன்று கோடு இருந்தால் அது கிரேடு 5, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கெட்டி வாஷர் போட்டு, முறுக்கு விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சில் அட்டவணைப்படி முறுக்கி, நட்டுக்கும் தகட்டுக்கும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். கோடு பிசகினால் நட்டு நகர்ந்திருக்கிறது. உயரத்தில் ஒரு இழுபறி உண்டு: டோ பார் மட்டமாக, 3 இஞ்ச்சுக்குமேல் சாய்வில்லாமல் இருக்க வேண்டும், ஆனால் அதற்காக ரிசீவரைத் தாழ்த்தினால் பெட்ரோல் பங்க் ஏற்றத்தில் வால் உரசும். ரிசீவரை உயரமாகவே வைத்து, இறக்கத்தை அதில் செருகிக் கழற்றக்கூடிய மவுன்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தியிருக்கும்போது அந்த மவுன்ட்டைக் கழற்றிவிடுங்கள், பின்பக்க அவசரக் கதவில் குதிக்கிறவர் முழங்காலுக்கு நேரே நிற்கும்.

ஒயரிங்கில் ஒரே ஒரு சிக்கல். பஸ்ஸில் மஞ்சள் இண்டிகேட்டர் தனி, சிவப்பு பிரேக் லைட் தனி. காரின் விளக்குகளுக்குப் போகும் நாலு ஒயர் இணைப்பில் இரண்டும் ஒரே ஒயரில் போகும். அதனால் நடுவில் ஒரு கன்வர்ட்டர் வேண்டும், பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேரடி மின்சாரம் எடுக்கும் வகையைப் பாருங்கள். கூரையில் இருக்கும் பழைய எச்சரிக்கை விளக்குகளின் ஒயரில் கை வைக்காதீர்கள். எர்த் ஒயரைச் சேசிஸில் சுரண்டிய இடத்தில் இறுக்குங்கள், பந்து வழியாக வரும் என்று விடாதீர்கள். காருக்குள் தனி பிரேக் கருவியும், பிய்த்துக்கொண்டால் காரை நிறுத்தும் பிரேக்அவே சுவிட்சும் கட்டாயம் வையுங்கள். பாதுகாப்புச் சங்கிலிகளை அடியில் பெருக்கல் குறிபோல் குறுக்காக மாட்டுங்கள், தரையில் தேயாத அளவு தொய்வோடு.

முதல் ஓட்டத்தில் சில மைல் போய் நிறுத்தி, பெயின்ட் கோடுகளையும் கார் சக்கரங்களின் சூட்டையும் பாருங்கள். கார் மாட்டியிருக்கும்போது ரிவர்ஸ் எடுக்காதீர்கள், டோ பார் வளைந்துவிடும். முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டால் இறங்கிக் காரைக் கழற்றிவிட்டுத்தான் பஸ்ஸைத் திருப்ப வேண்டும்.