அப்பாவின் கடை என் பெயருக்கு மாறிய கதை

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் எங்கள் காபிப் பொடிக் கடை. "இனிமே நீயே பாத்துக்கோடா" என்று அப்பா சாவியைக் கொடுத்ததும், ஜிஎஸ்டி பதிவில் பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்து இரண்டு நாள் போர்ட்டலோடு மல்லுக்கட்டினேன். நடக்காது. தனிநபர் கடை என்றால் பதிவு அவருடைய பான் எண்ணோடு ஒட்டியது. என் பான் எண்ணில் புதிதாகப் பதிவு எடுத்து, அப்பா பக்கத்திலிருந்து ஐடிசி-02 படிவம் போட்டு, மிச்சமிருந்த உள்ளீட்டு வரி வரவை, அதாவது சரக்கு வாங்கியபோது கட்டிய வரியில் இனி கழித்துக்கொள்ளக்கூடிய தொகையை, எனக்கு மாற்ற வேண்டும், கூடவே ஆடிட்டர் சான்றிதழ். நான் அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் பழைய பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்தோம். அவசரப்பட்டு முதலிலேயே செய்யாதீர்கள்.

காகித வேலை முடிந்தது, கலவை முடியவில்லை. யாருக்கு எவ்வளவு சிக்கரி என்பது அப்பாவின் தலைக்குள் மட்டும்தான். மூன்று வாரம் அவரைக் கல்லாவில் உட்கார வைத்து, ஆள் வர வர நோட்டில் எழுதினேன்: "மாடி வீட்டு மாமி, பீபெரி (ஒற்றை விதை உருண்டைக் கொட்டை), 80-20, கொஞ்சம் கறுக்க வறுத்தது." போன மாதம் அந்த மாமி பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டு, "அப்பா அரைச்சதா?" என்றார். நான்தான் என்றேன். அப்பாவுக்கு முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது. இன்றும் காலை ஏழு மணிக்கு மெஷினை அவர்தான் போடுகிறார், நான் கேட்பதில்லை.